ஒரே மாதிரிச் சட்டை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)

என்.எஸ்.எஸ். முகாமில் என்னோடு மண் சுமந்த நண்பர்களே!

1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய சங்கம், உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறிக் கூடியது. ரோட்டரி என்ற பேர் அப்படி வந்ததுதான். எங்கள் ரோட்டரியும் வாராவாரம் கூடும். தாமதமா வந்தா அபராதம். (அதிகம் கட்டியவன் அடியேன்தான்!)

அந்தப் பணத்தோடு கைப்பணமும் போட்டு ஒரு தீபாவளிக்கு விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிச் சட்டை வாங்கினோம். போட்டோவுக்கு நிற்கும்போது ஒரு பையன், "சார், இதைப் போட்டுக்கிட்டு வெளியே போனா விடுதிப் பையன்னு தெரிஞ்சிடுமே" என்றான். எனக்குப் பேச்சு வரலை.

அடுத்த வாரக் கூட்டத்தில் சண்டையே நடந்தது. மறு வருஷம் பிள்ளைகளை ஜவுளிக் கடைக்கே அழைத்துப் போனோம். செலவு கூடத்தான். அவன் கட்டம் போட்ட சட்டை எடுத்தான். போட்டோ மட்டும் எடுக்கலை.