எழுவாய் இல்லாத செய்தி

'இறந்தார்', 'கொல்லப்பட்டார்', 'இன்னார் கொன்றார்'. ஒரே சாவைச் சொல்ல மூன்று வழிகள். முதலாவதில் கொன்றவர் என்று ஒருவரே கிடையாது. இரண்டாவதில் இருக்கிறார், ஆனால் வினைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். மூன்றாவதில்தான் எழுவாயாக நம் முன்னால் வந்து நிற்கிறார். செய்தி எழுதுகிறவர் இம்மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறார், யாருக்காக எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

2020 மே 25. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கருப்பினத்தவரின் கழுத்தில் ஒரு வெள்ளையினப் போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தார். காவல்துறை முதலில் வெளியிட்ட குறிப்பு என்ன சொன்னது தெரியுமா? அவருக்கு விலங்கு மாட்டினோம், உடல்நிலை சரியில்லாதவர் போலத் தெரிந்தார், ஆம்புலன்சை அழைத்தோம், மருத்துவமனையில் இறந்துவிட்டார். அவ்வளவுதான். முழங்கால் இல்லை, கழுத்தும் இல்லை. பக்கத்தில் நின்ற 17 வயதுப் பெண் தன் கைபேசியில் நடந்ததைப் படம் பிடித்தார். அவர் அங்கே இல்லாமல் போயிருந்தால், அந்தக் குறிப்புதான் மறுநாள் காலை நாலு வரிச் செய்தியாக வந்திருக்கும். யாரும் இரண்டாவது முறை படித்திருக்கவும் மாட்டார்கள். 2021இல் புலிட்சர் விருதுக்குழு அந்தப் பெண்ணுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. நியாயமான பாராட்டு. ஆனால், நிருபர்கள் செய்ய வேண்டிய வேலையைத் தெருவில் நின்ற ஒரு பள்ளி மாணவி செய்ய வேண்டியிருந்ததே என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

கொன்றவரை மறைக்கும் இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்று அறிய அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போக வேண்டும். 1892 மார்ச் மாதம். கருப்பினத்தவர் சேர்ந்து நடத்திய ஒரு மளிகைக் கடை அங்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதே வட்டாரத்தில் இருந்த வெள்ளையர் கடைக்கு அது பொறுக்கவில்லை. தகராறு முற்றியது. கடையோடு தொடர்புடைய மூன்று பேரைச் சிறையில் அடைத்தார்கள். ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து மூவரையும் இழுத்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே சுட்டுக் கொன்றது. வெள்ளையர் பத்திரிகைகள் அந்தக் கொலையைக் காட்சி காட்சியாக வர்ணித்தன. சுட்டவர்கள் யார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

கொல்லப்பட்டவர்களில் ஒருவரான தாமஸ் மாஸ், ஐடா பி. வெல்ஸுக்கு நெருங்கிய நண்பர். அடிமையாகப் பிறந்து, ஆசிரியையாக வேலை பார்த்து, 29 வயதில் 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற சிறு பத்திரிகையின் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் இருந்தவர் ஐடா. கும்பல் கொலைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணம், 'வெள்ளைப் பெண்ணிடம் தவறாக நடந்தான்' என்பது. ஐடா ஒவ்வொரு சம்பவமாக விசாரித்தார். பலவற்றில் அந்தக் குற்றச்சாட்டே இல்லை. இருந்த சிலவற்றில் அது பொய். எழுதினார். மே மாதம் ஒரு கும்பல் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கியது. அப்போது அவர் வெளியூரில் இருந்ததால் உயிர் பிழைத்தார். அதற்குப் பிறகு ஊர் திரும்ப முடியவில்லை.

அவருடைய வேலை முறையை நினைத்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. 1895இல் வெளியிட்ட நூலில் கும்பல் கொலைகளின் கணக்கை அவர் 'சிகாகோ ட்ரிப்யூன்' என்ற வெள்ளையர் நாளிதழ் அச்சிட்ட பட்டியலிலிருந்தே எடுத்தார். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், உங்கள் பத்திரிகை சொன்னதையாவது நம்புங்கள் என்பதற்காக. உண்மையைச் சொல்வதற்கே எதிராளியின் சாட்சி தேவைப்பட்ட நிலை அது.

1967 கோடையில் டெட்ராய்ட், நெவார்க் போன்ற நகரங்கள் இனக் கலவரத்தில் பற்றி எரிந்தன. அதன் காரணத்தை ஆராய அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் 1968இல் அறிக்கை கொடுத்தது. அதில் செய்தி ஊடகங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. செய்திப் பிரிவு வேலைகளில் கருப்பினத்தவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆசிரியர், மேற்பார்வையாளர் பொறுப்புகளில் 1 விழுக்காடுகூட இல்லை. நிருபர்கள் போலீசையும் அதிகாரிகளையும் கேட்டே எழுதிவிடுகிறார்கள், அந்தத் தெருக்களில் வாழ்கிறவர்களைக் கேட்பதில்லை என்பதும் அந்த ஆணையம் சுட்டிய குறை. பத்து ஆண்டுகள் கழித்து, 1978இல், அமெரிக்க நாளிதழ் ஆசிரியர்கள் சங்கம் ஓர் இலக்கு வைத்தது: நாட்டின் மக்கள்தொகையில் சிறுபான்மை இனத்தவர் எத்தனை விழுக்காடோ, 2000ஆம் ஆண்டுக்குள் செய்தியறையிலும் அத்தனை விழுக்காடு இருக்க வேண்டும். முடியவில்லை. 2025 என்று தள்ளி வைத்தார்கள். 2018இல் சங்கம் நடத்திய கணக்கெடுப்புக்குப் பதில் அனுப்பியவை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பத்திரிகைகள் மட்டுமே. மற்றவர்களைப் பற்றிய கணக்கை நாள்தோறும் கேட்கிற பத்திரிகைகள், தங்கள் கணக்கைச் சொல்ல வாய் திறக்கவில்லை.

புதிதாக நாலு நிருபர்களை வேலைக்கு எடுத்துவிட்டால் போதும் என்று நான் நினைக்கவில்லை. நிருபர் கொண்டுவருவதை வெட்டுவதும், தலைப்பு வைப்பதும், முதல் பக்கமா உள்பக்கமா என்று முடிவெடுப்பதும் ஆசிரியர் மேசை. அங்கே உட்கார ஆள் வேண்டும், உரிமையாளர் இடத்திலும் வேண்டும். 1983இல் ராபர்ட் மேனார்ட் 'ஓக்லாண்ட் ட்ரிப்யூன்' நாளிதழை வாங்கினார். பெருநகர நாளிதழ் ஒன்றுக்கு உரிமையாளரான முதல் கருப்பின அமெரிக்கர் அவர். மேசையில் ஆள் மாறுவதோடு, போலீஸ் குறிப்பை ஒரு தரப்பின் வாக்குமூலமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இறந்தவரின் வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் செய்தி அச்சுக்குப் போக வேண்டும். இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டும்.

பழைய பிழையை ஒப்புக்கொள்வதும் இதில் சேர்ந்ததுதான். கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகர நாளிதழ், கருப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டம் தன் ஊரிலேயே நடந்தபோது அதைக் கண்டுகொள்ளவில்லை. 2004 ஜூலை 4 அன்று, அதற்கு வருந்துகிறோம் என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டது. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழும், தான் இரங்கல் கட்டுரை எழுதாமல் விட்டவர்களுக்காக ஒரு தொடரைத் தொடங்கியது. அதன் முதல் நாளிலேயே ஐடா பி. வெல்ஸ் இடம்பெற்றார். அவர் இறந்தது 1931 மார்ச் 25. கட்டுரை வெளிவந்தது 2018 மார்ச் 8.