பிரபு வீட்டுக் கடிகாரத்துக்கு யார் சாட்சி?

பழம்பொருள் ஏலங்களில் அடிக்கடி தலைகாட்டும் சாமான் ஒன்று உண்டு. சாண் உயரத்துக்குள் அடங்கும் பித்தளைக் கூடு, நாலு பக்கமும் கனத்த கண்ணாடி, தூக்கிப் போக மேலே ஒரு கைப்பிடி. உச்சியில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னலும் இருக்கும். அதன் வழியே பார்த்தால் உள்ளே சின்னச் சக்கரம் ஒன்று இப்படியும் அப்படியும் துடிப்பது தெரியும். ஊசல் வைத்த கடிகாரம் வண்டி குலுங்கினால் நின்றுபோகும். அதனால் ஊசலை விட்டுவிட்டு, சுருள்வில்லையும் இந்தச் சக்கரத்தையும் வைத்துப் பிரெஞ்சுக்காரர்கள் பிரயாணத்துக்கென்றே செய்தது இது. கேரியேஜ் கிளாக் என்பார்கள். சிலவற்றில் ஒரு பொத்தான் உண்டு. இருட்டில் அதை அழுத்தினால் கடைசியாக அடித்த மணியைத் திரும்ப அடித்துக் காட்டும். இவ்வளவு நுட்பமான சாமானை விற்க வருகிறவர் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "இது இன்ன பிரபு வீட்டிலிருந்து வந்தது" என்று ஆரம்பிப்பார். விலை அங்கேயே ஏறிவிடும். அந்தப் பேச்சுக்கு யார் சாட்சி என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை. அதற்குச் சாட்சி காட்டுவது வைத்திருப்பவரின் கடமை என்பது என் வாதம்.

இந்தக் கடிகாரம் பிரபுக்களிடம்தான் ஆரம்பித்தது என்பது உண்மை. 1798 ஏப்ரலில், எகிப்துப் படையெடுப்புக்குக் கிளம்புமுன், நெப்போலியன் பாரிஸில் பிரெகே என்ற கடிகாரக் கலைஞரிடம் ஒரு பயணக் கடிகாரம் வாங்கினார். ஆனால் 1830 வாக்கில் பால் கார்னியே என்பவர் இதை எளிமைப்படுத்திவிட்டார். பிறகு நார்மண்டியில் சான் நிக்கோலா தாலியெர்மோன் என்ற ஊரே இதைத் தொழிலாக எடுத்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கில் செய்து ஊர் ஊராக அனுப்பினார்கள். ரயிலில் போகிற வசதிக்காரர் யாரும் வாங்கலாம் என்றாயிற்று. டயலில் இருக்கும் பெயர்கூடப் பெரும்பாலும் விற்ற கடையின் பெயர்தான். மதராஸ் மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் இருந்தால், கடிகாரம் அங்கே விலை போனது என்று தெரியும். செய்தவரைத் தேட வேண்டுமானால் பின்தகட்டைத் திறந்து முத்திரையைப் பார்க்க வேண்டும். இயந்திரத்தில் ஓர் எண் அடித்திருக்கும். சில கடிகாரங்களில் அதே எண் சாவியிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அது ஒரு நல்ல சாட்சி. மேலே செதுக்கிய குலச்சின்னம் அப்படியல்ல. அதை எந்தக் காலத்திலும் எவரும் செதுக்கிக்கொள்ளலாம்.

பெயர் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கும் பிரெகேயே உதாரணம். அரசி மரி அந்துவானெத்துக்காக 1783இல் ஒரு பைக்கடிகாரம் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. 1793இல் அரசியின் தலை வெட்டப்பட்டது. கடிகாரம் முடிந்தது 1827இல். அரசி கண்ணாலும் பார்க்காத அந்தக் கடிகாரம் இன்றும் அவர் பெயரில்தான் உலகப் புகழோடு இருக்கிறது. இதை நாம் பிரித்துச் சொல்ல முடிகிறதென்றால், பட்டறையின் பதிவுகள் பத்திரமாக இருப்பதுதான் காரணம். நெப்போலியன் வாங்கியதையும் அந்தப் பேரேடுதான் எண்ணோடும் தேதியோடும் சொல்கிறது.

நம் ஸ்ரீரங்கத்தைச் சுற்றியும் இப்படி ஒரு வம்சாவளி உலவுகிறது. மாஸ்கோ கிரெம்ளினில் ரஷ்யச் செங்கோலின் உச்சியில் ஏறக்குறைய 190 காரட்டில் ஓர் இந்திய வைரம் இருக்கிறது. ஓர்லோவ் பிரபு 1770களில் பேரரசி இரண்டாம் காத்தரீனுக்குக் கொடுத்தது. அது ரங்கநாதரின் கண்ணாக இருந்ததென்றும், ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் பக்தனாக வேஷம் போட்டு அதைப் பெயர்த்துக்கொண்டு மதராசுக்கு ஓடினானென்றும் கதை. பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் இருந்தது நிஜம். அதன் தளபதி ஜாக் லா 1752 ஜூனில் இங்கேதான் சரணடைந்தார். அந்த ஒரு நிஜ ஆணியில்தான் மொத்தக் கதையும் தொங்குகிறது. பரம்பரை அர்ச்சகர் மட்டுமே நுழையும் கர்ப்பக்கிரகத்துக்குள் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் எப்படிப் போனான்? பதில் இல்லை. போதாக்குறைக்கு, இதே வைரம் 1665இல் ஔரங்கசீப் தர்பாரில் தவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி பார்த்த முகலாய வைரம்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. கல் ஒன்று, பிறந்த வீடு இரண்டு!

அதே கோயிலின் சுவர்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. எந்த அரசரின் எத்தனையாவது ஆட்சியாண்டு, கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன, எந்தக் கைங்கரியத்துக்கு என்று சொல்லும் கல்வெட்டுகள் அவை. ஒரு விளக்குக்கு இவ்வளவு கணக்கு எழுதிவைத்த ஊரில் இருந்துகொண்டு, வாய்வார்த்தையே போதும் என்று நாம் சொல்வது பொருந்தாது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ஜீயபுரத்துப் பாட்டி வீட்டில் ரங்கன், பேரன் வடிவில் வந்து பழையதும் மாவடுவும் சாப்பிட்டான் என்கிறோம். பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் அங்கே எழுந்தருளுகிறார். அதற்கும் ரசீது கேட்பீர்களா என்று. கேட்க மாட்டேன். அந்தக் கதை யாரிடமும் எதையும் விற்கவில்லை. நம்புகிறவர் நம்பிவிட்டுச் சேவிக்கிறார், அவ்வளவுதான். கதையைக் காட்டி விலை சொல்லும் இடத்தில்தான் சாட்சி வேண்டும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: கதை இல்லாவிட்டால் பல பழைய சாமான்கள் எப்போதோ பழைய பித்தளை விலைக்குப் போயிருக்கும் என்பது. உண்மைதான். அதனால் கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. "தாத்தா இப்படிச் சொன்னார்" என்று, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதி, இயந்திர எண்ணையும் குறித்து, சாவியோடு சேர்த்து வையுங்கள். காகிதம் இல்லாத வீட்டுக்காரருக்கும் இதில் நஷ்டமில்லை. பிரபு பெயர் நிரூபணமாகாவிட்டாலும் அந்தச் சக்கரத்தைச் செதுக்கிய கைவேலைக்கு உரிய விலை இருக்கவே இருக்கிறது. பெயருக்காக அதிகம் கேட்கிறவர் பெயரை நிரூபிக்கட்டும். முடியாதவர் கடிகாரத்தின் விலையை மட்டும் சொல்லட்டும்.