மாணவர் மன்றம்: தன்னாட்சியின் முதற்பள்ளி

(வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தன்னாட்சி வேண்டும், தாய்மொழிக்கு அரியணை வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகின்ற ஓர் இனம், தன்னைத் தானே ஆளும் கலையை எங்கே கற்கின்றது? வீட்டில் தந்தை சொல்லே முடிவு. பள்ளியில் ஆசிரியர் சொல்லே முடிவு. தோல் பதனிடும் பட்டறையில் உரிமையாளர் சொல்லே முடிவு. கட்சிக்குப் போனால் அங்கும் தலைவர் சொல்லே முடிவு. இருபது அகவை வரை பிறர் சொல்லைக் கேட்டே பழகிய இளைஞன், இருபத்தோராம் அகவையில் நாட்டை ஆளும் திறத்தைத் திடுமெனப் பெற்றுவிடுவானா? ஒத்தாரோடு ஒத்தாராய் அமர்ந்து, வழக்காடி, முடிவெடுத்து, அம் முடிவுக்குத் தானும் கட்டுப்பட்டு, செலவிட்ட காசுக்கு ஊரறியக் கணக்குச் சொல்லும் பயிற்சி, கல்லூரி பல்கலைக்கழகங்களின் மாணவர் மன்றத்தில்தான் முதன்முதலாக வாய்க்கின்றது. ஆகலின் மாணவர் மன்றம் பொழுதுபோக்கு அன்று. விழா நடத்தும் குழுவும் அன்று. தன்னாட்சிக்கு அதுவே முதற்பள்ளி.

சவ்வாது மலையடியிலுள்ள இந்த ஒடுகத்தூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் வேலூர், குடியாற்றம், ஆம்பூர், வாணியம்பாடிக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகள் நாள்தோறும் பேருந்தேறிச் செல்கின்றனர். வேலூர் ஊரிசுக் கல்லூரி 1898இலும், வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இலும் தோன்றியவை. வள்ளுவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகமே 2002இல் வேலூரை மையமாகக் கொண்டு எழுந்துவிட்டது. கட்டடங்கள் எழுந்தன, பட்டங்களும் பெருகின. அக் கட்டடங்களுக்குள் மாணவர் தம்மைத் தாமே ஆள்கின்றனரா என்பதே இங்கு எழுப்பப்பெறும் வினா.

முதலில் ஒன்று தெளிதல் வேண்டும். கூட்டம் வேறு, மன்றம் வேறு. பத்துப் பேர் கூடிக் கூவினால் அது கூட்டம். அப் பத்துப் பேரும் தமக்குள் ஒரு நெறிமுறையை எழுதிக்கொண்டு, அந் நெறிமுறைக்குத் தலைவனையும் கீழ்ப்படுத்தினால் அது மன்றம். மன்றத்தைத் தாங்குவன நான்கு தூண்கள். எல்லாரும் கூடித் தேர்ந்தெடுத்தல் ஒன்று. பொறுப்புக்குக் கால எல்லை வகுத்தல் இரண்டு. கணக்கு ஒப்புவித்தல் மூன்று. பொறுப்பாளரை வினவும் உரிமை பொதுக்கூட்டத்துக்கு இருத்தல் நான்கு. இவற்றுள் ஒன்று சாய்ந்தாலும் மன்றம் கூட்டமாகிவிடும். இரண்டு சாய்ந்தால் அது ஒருவன் கைப்பொருளாகிவிடும்.

இந் நான்கும் மேலையர் தந்த புதுமை என்று எவரும் எண்ணற்க. குடத்தில் ஓலையிட்டு எடுக்கும் வழக்கத்தை அகநானூற்றின் 77ஆம் பாடல் உவமையாகவே ஆளுகின்றது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஊராட்சி நெறியை வரிவரியாக வகுத்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. பொறுப்புக்காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவன் மீண்டும் வருதல் கூடாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவன் நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுத்துத் தருவான். அதை வாங்குபவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று, எல்லாரும் கேட்கப் படித்தல் வேண்டும். விரல் மடக்கினால் ஓலை மாறும் என்ற அச்சம் அக்காலத்தார்க்கும் இருந்தது. அவ் வச்சத்துக்கு அவர்கள் கண்ட மருந்து விரிந்த கை.

உத்தரமேரூரைப் பாராட்டும்பொழுதே அதன் குறையையும் சொல்லுதல் முறையாகும். அது பார்ப்பனர்க்கு ஈந்த பிரமதேய ஊர். நிலமும் வீடும் ஆரிய மறைப்பயிற்சியும் உடையார்க்கே அங்குத் தகுதி. உழுதவனுக்கும் தோல் தைத்தவனுக்கும் அக் குடத்தில் ஓலை இல்லை, பெண்ணுக்கும் இல்லை. எனவே முன்னோரிடமிருந்து கொள்ளத்தக்கது நெறிமுறை, தள்ளத்தக்கது வேலி. எல்லார் பெயரும் குடத்துள் விழும் உத்தரமேரூரே இன்றைய மாணவர் மன்றமாதல் வேண்டும்.

இனி, அத்தகு மன்றம் இக்காலத்தில் இயலுமா என்று ஐயுறுவார்க்கு ஓர் எடுத்துக்காட்டு. தில்லியில் 1969இல் நிறுவப்பெற்ற சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மாணவர் மன்றம் அது. தில்லி என்றதும் முகஞ்சுளிக்க வேண்டா; நல்லது எங்கிருப்பினும் எடுத்துக்கொள்வது தமிழர் பண்பு. அம் மன்றத்தின் அமைப்புச் சட்டத்தை மாணவர்களே ஆக்கினர். தேர்தலை நடத்துவது பல்கலைக்கழக அலுவலகம் அன்று. மாணவர்களிலிருந்தே அமைக்கப்பெறும் தேர்தல் குழு. தலைமைத் தேர்தல் ஆணையரும் ஒரு மாணவரே. தலைவர், துணைத்தலைவர், பொதுச்செயலர், இணைச்செயலர் என நால்வரைப் பல்கலைக்கழக மாணவர் அனைவரும் நேரே தேர்ந்தெடுப்பர். துறைப்புலம் ஒவ்வொன்றும் தன் பேராளரைத் தனியே தேர்ந்தெடுக்கும். ஒப்போலை இடும் நாளுக்கு முன், தலைவர் பொறுப்புக்கு நிற்போர் அனைவரும் ஒரே மேடையில் ஏறி, கேட்கப்பெறும் வினாக்களுக்கு விடை சொல்லியாதல் வேண்டும். பணத்தால் வாங்க முடியாத மேடை அது. பெருஞ்சிக்கல்கள் எழும்பொழுது எல்லா மாணவரும் கூடும் பொதுக்கூட்டமே முடிவெடுக்கின்றது.

அம் மன்றமும் இடர்ப்படாமல் இல்லை. 2008இல் உச்ச முறைமன்றம் தடை விதித்ததால் 2012 மார்ச்சு வரை தேர்தல் நிகழவில்லை. பெருந்தொற்றுக் காலத்தை உள்ளிட்ட 2019க்கும் 2024க்கும் இடையிலும் நிகழவில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் மன்றம் உயிர்த்தெழுந்தது. கரணியம் என்ன? அது ஒரு தலைவனை நம்பி நிற்கவில்லை. எழுதிய நெறிமுறையை நம்பி நின்றது. தலைவன் படிப்பு முடிந்து போய்விடுவான். நெறிமுறை அடுத்த ஆண்டு வரும் மாணவனுக்காகக் காத்திருக்கும்.

2008இல் வந்த தடைக்கு மூலம், மாணவர் தேர்தல்களைச் சீர்செய்ய அமைக்கப்பெற்ற இலிங்டோ குழுவின் பரிந்துரைகள். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் இலிங்டோ தலைமையில் அக்குழு 2006இல் அறிக்கை தந்தது. அவ்வாண்டு செபுதம்பர் 22இல் உச்ச முறைமன்றம் அதனை நாடெங்கும் நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. இளநிலை மாணவர் 22 அகவைக்குள்ளும் ஆய்வு மாணவர் 28 அகவைக்குள்ளும் இருந்தாலன்றித் தேர்தலில் நிற்றல் கூடாது. நூற்றுக்கு 75 வருகை வேண்டும். தேர்தற் செலவு 5,000 உரூபாவைத் தாண்டலாகாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதே ஒட்டலாம். மன்றப் பொறுப்பாளராக ஒருவர் ஒருமுறைதான் நிற்கலாம். முடிவு வெளிவந்த இரு கிழமைக்குள் தேர்தற் செலவுக் கணக்கைத் தணிக்கை செய்து ஒப்புவித்தல் வேண்டும்.

இவற்றுள் சில மாணவர் உரிமையைக் குறைப்பன என்று நேரு பல்கலைக்கழக மாணவரே வழக்காடினர். அவ் வழக்காட்டில் பொருளுண்டு. தமக்கு வேண்டிய நெறியைத் தாமே வகுத்துக் காத்தவர்க்கு வெளியார் வகுக்கும் நெறி சுமையாகவே தோன்றும். ஆனால் தமிழ்நாட்டு மாணவர் கருதிப் பார்க்க வேண்டுவது வேறொன்று. தேர்தலுக்கு ஏற்ற அமைதி நிலவாத இடங்களில் மட்டும், அதுவும் இடைக்கால ஏற்பாடாக மட்டுமே, பேராளரை அமர்த்தலாம் என்று அக்குழு இடம்விட்டது. இங்குள்ள கல்லூரிகள் பலவற்றில் அவ் விடைக்கால வாயிலே நிலைவாயிலாகிவிட்டது! மதிப்பெண் பார்த்தோ, முகம் பார்த்தோ, அமைதியானவன் என்று பார்த்தோ ஒருவனை அமர்த்தி, அவனுக்குத் தலைவன் என்று பெயரும் சூட்டிவிடுகின்றனர். அவன் மாணவரைத் தேடி வருவது ஆண்டு விழாவுக்கு நன்கொடை திரட்டும்பொழுது மட்டுமே.

ஒடுகத்தூர்ச் சந்தையைப் பார்த்தவர்கள் இங்கே நிரம்ப இருக்கின்றீர்கள். கால்நடைச் சந்தைகளில் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலைபேசும் வழக்கம் உண்டு. சுற்றி நிற்பவர்க்கு விலை தெரியாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது பொருந்தலாம். மாணவர் தலைவனைத் தேர்வதும் துண்டுக்குள் நிகழ்ந்தால், விற்கப்படுவது யார் என்று எண்ணிப் பாருங்கள்! உத்தரமேரூரின் விரிந்த கை எங்கே, இந்த மூடிய துண்டு எங்கே!

மன்றம் இருப்பதும் இல்லாததும் மொழிக்கும் இனத்துக்கும் என்ன செய்யும் என்பதற்கு வரலாறே சான்று. 1965 சனவரியில் தமிழ்நாட்டு மாணவர் இந்தி எதிர்ப்புப் போராட்டக் குழு உருவானபொழுது, அதன் முன்னணியில் நின்றோர் கல்லூரி மாணவர் மன்றத் தலைவர்கள். தத்தம் கல்லூரியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆதலின் அவர்கள் சொல்லுக்குப் பின்னால் மாணவர் நின்றனர். சனவரி 27இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலர் சுட்டதில் ஈகியானார். பிப்பிரவரி 11இல் தலைமை அமைச்சர் சாசுத்திரி வானொலியில் உறுதிமொழி தந்தார். மறுநாளே மாணவர் குழு போராட்டத்தை ஒத்திவைப்பதாக அறிவித்தது. அதன் பின்னும் சிற்சில இடங்களில் கொந்தளிப்பு ஓயவில்லை என்பது உண்மையே. ஆயினும் தொடங்குக என்று சொல்லவும், நிறுத்துக என்று சொல்லவும், ஆட்சியாளர் எதிரே அமர்ந்து பேசவும் உரிமையுடைய ஓர் அமைப்பு அன்று மாணவரிடம் இருந்தது. அப் போராட்டக் களத்தில் உருவான மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராசரையே தேர்தலில் வென்றார்.

இனி அண்மைக் காலத்துக்கு வருக. 2013 மார்ச்சு 8இல் ஈழத் தமிழர்க்காகச் சென்னை இலயோலாக் கல்லூரி மாணவர் எண்மர் உண்ணாநோன்பு தொடங்கினர். அத் தீ தமிழ்நாட்டுக் கல்லூரிகள் எங்கும் பற்றியது. 2017 சனவரியில் ஏறு தழுவுதலைக் காக்க மெரீனாக் கடற்கரையில் இளைஞர் கடலெனத் திரண்டனர். எங்களுக்குத் தலைவன் இல்லை என்பதையே அவர்கள் பெருமையாகச் சொல்லினர். கட்சிகள் கைப்பற்றாமல் காத்தது அப் பெருமை, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் சனவரி 21இல் அவசரச் சட்டம் பிறந்தபொழுது, ஏற்றுக் கலைவதா, நிலையான சட்டம் வரும்வரை இருப்பதா என்று முடிவு சொல்ல அங்கு எவர்க்கு உரிமை இருந்தது? ஒருவர் போகலாம் என்றார். ஒருவர் கூடாது என்றார். 23ஆம் நாள் காலை காவல்துறை புகுந்து கலைத்தது. அன்றே சட்டமன்றத்தில் சட்டமும் நிறைவேறியது. வென்ற நாளிலேயே அடிபட்ட கூட்டம் அது! தலைவன் இல்லாமை குறையன்று. முடிவெடுக்கும் நெறி இல்லாமையே குறை. எழுச்சிக்கு உணர்ச்சி போதும். வெற்றியை அறுவடை செய்ய அமைப்பு வேண்டும்.

பெற்றோர் சிலர் ஒரு மறுப்பு எழுப்புவர். "படிக்கப் போன பிள்ளைக்கு மன்றம் எதற்கு? தேர்தல் வந்தால் அடிதடி வரும், சாதி வரும்" என்பர். அவர்கள் அச்சம் பொய்யன்று. 2008 நவம்பர் 12இல் சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில், காவலர் பார்த்து நிற்க, மாணவர் மாணவரையே தாக்கிய கொடுமையை நாடே கண்டது. ஆனால் அங்கே மோதியவை மன்றத்துக் கருத்துகள் அல்ல. சாதிவழிப் பிரிந்து நின்ற குழுக்கள். பொதுமேடையில் ஒருவரை ஒருவர் வினவிப் பழகாத பிள்ளைகள் சாதிக்குழுவுக்குள் ஒதுங்குகின்றனர். எல்லாச் சாதிப் பிள்ளையரிடமும் ஒப்போலை கேட்டு நிற்க வேண்டியவன் தன் சாதியை மட்டும் நம்பி வெல்ல முடியாது என்பதை ஒரே தேர்தலில் கற்றுக்கொள்வான். நோய்க்கு அஞ்சி மருந்தைக் கொட்டிவிடுதல் அறிவுடைமை ஆகாது.

எனவே மாணவச் செல்வங்களே, நீங்கள் செய்யத் தக்கவை சில உள. முதலாவது, உங்கள் மன்றத்துக்கு எழுதிய அமைப்புச் சட்டம் உண்டா என்று கேளுங்கள். இல்லையேல் எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள். படித்தவுடன் எல்லார்க்கும் விளங்காத சட்டம் சிலர் கையில் கருவியாகிவிடும். மன்றத்தின் நிகழ்ச்சிக் குறிப்பு, கணக்கு, அறிவிப்பு அனைத்தும் தமிழிலேயே இருத்தல் வேண்டும். ஆட்சிமொழி தமிழ் என்று அரசை இடித்துரைப்பவர்கள், தாம் ஆளும் சிறுமன்றத்தில் ஆங்கிலத்தில் முடிவெழுதுவது தலைகுனிவு அன்றோ?

இரண்டாவது, மன்றக் கட்டணமாக ஒவ்வொருவரிடமும் பெறும் பணத்தின் வரவுசெலவைத் திங்கள்தோறும் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். கேட்டால்தான் காட்டுவேன் என்பது கணக்கன்று. கணக்குக் காட்டாதவனுக்கு மறுமுறை இடமில்லை என்ற உத்தரமேரூர் நெறியை அப்படியே எடுத்தெழுதுங்கள்.

மூன்றாவது, பொதுக்கூட்டத்தைக் கல்லூரி நேரத்துக்குள் கூட்டுங்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டினால் விடுதி மாணவரே மிஞ்சுவர். ஒடுகத்தூருக்கும் மலையடிச் சிற்றூர்களுக்கும் பேருந்து பிடிக்க ஓடும் மாணவி எப்படி வருவாள்? அவள் வரமுடியாத நேரத்தில் எடுத்த முடிவு அவளைக் கட்டுப்படுத்துமா? உத்தரமேரூர் பெண்ணைச் சட்டத்தால் விலக்கியது. நீங்கள் நேரத்தால் விலக்காதீர்கள்.

நான்காவது, தோற்றவனைப் பகைவனாக்காதீர்கள். மன்றத்தில் எதிர்த்து வினவுபவனே மன்றத்தின் காவலன். வள்ளுவப் பேராசான் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆராய்ந்து நம்புக, நம்பிய பின்னும் ஆராய்ந்தே வினையில் ஈடுபடுத்துக என்பது அவ் வைப்புமுறையின் குறிப்பு.

பாலாற்றங்கரை மக்கட்கு இதன் பயன் தெரியாததன்று. தோல் பதனிடும் கழிவால் மண்ணும் நீரும் கெட்டபொழுது, வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் என்னும் ஓர் அமைப்பே வழக்குத் தொடுத்தது. 1996 ஆகட்டு 28இல் உச்ச முறைமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்று தீர்ப்புரைத்தது. தனியொருவன் முணுமுணுத்தால் காற்றோடு போகும். மன்றம் பேசினால் ஏட்டில் ஏறும்.

தமிழர்க்கு உணர்ச்சி என்றும் குறைந்ததில்லை. குறைந்தது, உணர்ச்சியைத் தாங்கும் ஒழுங்கு. நூறு பேர் கொண்ட மன்றத்தை நேர்மையாக ஆளத் தெரியாதவர் கையில் நாட்டைக் கொடுத்தால் அது என்னாகும் என்பதை நாள்தோறும் பார்த்துவருகின்றோம். இன்று வகுப்பறையில் ஒப்போலையை எண்ணும் கை நேர்மையாக எண்ணட்டும். நாளை நாட்டை ஆளும் கையும் அதுவே.

விரல் விரித்த கையோடு மன்றம் நடத்துங்கள். தமிழ் வெல்க! தமிழ் மாணவர் எழுக!