நடந்தே வந்த சமாதானம்

2011-இல் தனி நாடானது தெற்கு சூடான். இரண்டே வருஷத்தில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. 2018-இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகியும் வெட்டுக்குத்து முழுதாக ஓயவில்லை.

அந்த நிலையில்தான், 2023 பிப்ரவரியில் சமாதானம் வேண்டி போப் பிரான்சிஸ், கேன்டர்பரி பேராயர், ஸ்காட்லாந்து திருச்சபைத் தலைவர் மூவரும் ஒன்றாகத் தலைநகர் ஜூபாவுக்கு வந்தார்கள். மூன்று சபைத் தலைவர்கள் சேர்ந்து வந்ததே அபூர்வம்தான். ஆனால், எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அவர்களைப் பார்க்க ரும்பெக் நகரிலிருந்து இளைஞர் கூட்டமொன்று ஒரு வாரத்துக்கும் மேலாகக் கால்நடையாகவே வந்து சேர்ந்தது. கூடவே நடந்தவர் அவர்களுடைய ஆயர் கிறிஸ்டியன் கார்லசாரே. இத்தாலிக்காரர். 2021-இல் ராத்திரி வீடு புகுந்து இவரை இரண்டு கால்களிலும் சுட்டிருந்தார்கள்! சுட்டவர்களை மன்னித்துவிட்டதாக ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே அவர் சொல்லியிருந்தார்.