துரத்தாத வைஃபை வேண்டும்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



நான் 2011-ல் ஈ.சி.ஈ. பிரிவில் படித்து முடித்தவன். அன்றும் கடைசி பெஞ்சுதான். மேடை ஏறினால் இன்றைக்கும் கை நடுங்கும். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். பொது இடங்களில் வைஃபை அமைப்பது என் தொழில்.

நம்ம காலத்தில் ரிசல்ட் பார்க்க, கல்லூரி வாசலுக்கு எதிரே பிரௌசிங் சென்டரில் வரிசையில் நிற்போமே, ஞாபகம் இருக்கிறதா? 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கூகுளும் ரெயில்டெல்லும் சேர்ந்து இலவச வைஃபையைத் தொடங்கின. 2018-ல் அது 400 நிலையங்களை எட்டியது. அதே ஆண்டில், எர்ணாகுளம் நிலையத்தில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் அந்த வைஃபையில் பாடம் கேட்டுப் படித்தே கேரள அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறினார்.

இதற்கு நடுவே 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது. அதையே காரணமாகச் சொல்லி 2020-ல் கூகுள் அந்தத் திட்டத்திலிருந்து விலகியது. ரெயில்டெல் தொடர்ந்து நடத்தியது. "இனிமே பொது வைஃபை யாருக்கு சார் வேணும்?" என்று பலர் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் மாலை, நாங்கள் வைஃபை அமைத்திருந்த ஒரு பஸ் ஸ்டாண்டில் வேகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவு பிரமாதமாக வந்தது. பக்கத்து பெஞ்சில் ஒரு பெண், கண் கலங்கின மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்க வைஃபை ஆளா? மூணு தடவை கட் ஆயிடுச்சு சார்."

வேலைக்கான விண்ணப்பம். அன்றுதான் கடைசி நாள். அவருடைய அன்றைய டேட்டா தீர்ந்துபோயிருந்தது. போட்டோ, சான்றிதழ் எல்லாம் ஏற்றி முடிப்பதற்குள் இருபது நிமிடம் ஆகிவிடும், வைஃபை வெளியே தள்ளிவிடும். மறுபடி நம்பர், மறுபடி ஓடிபி, மறுபடி முதல் பக்கம்.

அந்த இருபது நிமிடத்தை வைத்தவன் நான்தான். கூட்ட நேரத்தில் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று வைத்தது. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன், விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கிளம்பும்போது அவர் சொன்னார்: "வேகம் எல்லாம் வேணாம் சார், நடுவுல துரத்தாம இருந்தா போதும்."

தம்பிகளே, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு கருவியில் இணைந்தவர்கள் எல்லோரும் ஒரே சேனலைப் பங்கு போடுகிறார்கள். நம்ம ஹாஸ்டல் குழாயடி மாதிரி. அதற்கு நான் செய்த வைத்தியம் தப்பு. நேரத்தை வெட்டியிருக்கக் கூடாது, ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று அளவு வைத்திருக்க வேண்டும். அப்போது சினிமா பார்ப்பவருக்குக் கொஞ்சம் தடுமாறும், ஆனால் விண்ணப்பம் போய்விடும். மறுவாரமே அப்படி மாற்றினேன். ஒருமுறை ஓடிபி போட்டால் அந்த நாள் முழுக்கச் செல்லும்படியும் செய்தேன்.

அதன் பிறகு, எங்கே போனாலும் பயனாளிகளிடம் பேசுகிறேன். அவர்கள் கேட்பது சுலபமான நுழைவு, அறுபடாத இணைப்பு, சார்ஜ் போட ஒரு பிளக். அப்புறம், "இதுல பேங்க் வேலை பார்க்கலாமா?" என்ற பயம். வங்கிகளின் செயலிகள் தகவலை மறையாக்கம் செய்துதான் அனுப்புகின்றன. ஆனால் அதே பெயரில் போலி வைஃபை வைக்க யாராலும் முடியும். வைஃபைக்குள் நுழையும் பக்கம் ஏடிஎம் கார்டு பின்னோ, வங்கி பாஸ்வேர்டோ கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம்-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. டீக்கடைக்காரர்கூட உரிமமோ கட்டணமோ இல்லாமல் வைஃபை கொடுக்கலாம். இதைச் சரியாக நடத்த உங்களைப் போன்றவர்கள் தேவை.

ஒரே வேண்டுகோள். எதை அமைத்தாலும், அளவுக் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் நீங்களே உட்கார்ந்து ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்கள்.