விண்ணப்பமும் ஒரு பாடமே

பள்ளி முடிக்கும் பிள்ளைகள் உயர்கல்விக்குச் செல்லும் வழியை ஆராயக் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பை அளித்த ஏற்பாட்டுக் குழுவினருக்கு நன்றி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தியவன் நான். அந்த அனுபவத்திலிருந்தே பேசுகிறேன்.

நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கைப்படி உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் நாடு முழுமைக்கும் 28.4, தமிழ்நாட்டில் 47. இது தானாக வந்ததல்ல. பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் சட்டமானது. புதுமைப்பெண் திட்டத்திலும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கல்லூரி செல்லும் பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது.

கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். ஆனால் வாசல் வரை வந்து திரும்பிப் போகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வு 2018இல் இணையத்துக்கு மாறியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, என்னிடம் படித்த ஒரு கொத்தனாரின் மகன் ஏதோ சான்றிதழ் கேட்டுப் பள்ளிக்கு வந்தான். எங்கே சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரி ஒன்றின் பெயரைச் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரவரிசையில் அவனுக்குக் கீழே இருந்த, அதே இடஒதுக்கீட்டுப் பிரிவு மாணவர்களே அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். “கிடைக்காததை முதல்ல எழுதுனா உள்ளதும் போயிடும்னு பயந்துட்டேன் சார்” என்றான். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நிச்சயம் கிடைக்கும் என்று நினைத்த கல்லூரியை முதலில் போட்டு, மொத்தம் மூன்றே விருப்பங்களோடு முடித்திருக்கிறான்.

கலந்தாய்வின் விதி இதற்கு நேர்மாறானது. தரவரிசைப்படி ஒரு மாணவரின் முறை வரும்போது, அவர் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை ஒதுக்குவார்கள். மிகவும் விரும்புவதை மேலே எழுதுவதால் எந்த இழப்பும் இல்லை. கிடைக்கக்கூடியவற்றைக் கீழே வரிசையாக அடுக்கினால் போதும். ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். அந்தப் பையனுக்கு இரண்டு ஆண்டுகள் ஒளியியலும் மின்னியலும் நடத்திய நான், இந்த ஐந்து நிமிடத்தை அவனுக்குத் தரவில்லை. அந்தக் குறை இன்றும் என்னை உறுத்துகிறது.

படித்த பெற்றோர் உள்ள வீட்டில் இவையெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தரப் பள்ளியை விட்டால் வேறு ஆளில்லை. ஆகவே நான் இந்த அவையின் முன் வைப்பது ஒரே கருத்து: கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும் ஒரு பாடம். மற்றப் பாடங்களைப் போலவே அதற்கும் பாடவேளை வேண்டும், பொறுப்பாசிரியர் வேண்டும், பயிற்சி வேண்டும்.

அந்தப் பாடம் பத்தாம் வகுப்பில் தொடங்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே எந்தக் கதவுகள் திறக்கும் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. பொறியியல் கட் ஆஃபின் 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. தோழி சேர்ந்தாள் என்பதற்காகக் கணிதத்தை விடுகிற சிறுமிக்கு இந்தக் கணக்கை அன்றே சொல்ல வேண்டும், அவள் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து.

பதினொன்றாம் வகுப்பு சான்றிதழ்களுக்கான ஆண்டாக இருக்கட்டும். சாதிச் சான்றிதழில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் இன்னொரு பெயர். அப்பாவின் முதலெழுத்தில் குழப்பம். இவை மே மாதத்தில் தெரியவந்தால் இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைவதிலேயே கடைசித் தேதி போய்விடும். ஓராண்டு முன்னதாகத் தெரிந்தால் நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் மாதிரித் தேர்வு வைப்பதுபோல் மாதிரி விண்ணப்பமும் வைப்போம். ஹைடெக் லேபில் ஒவ்வொரு மாணவரும் தம் கையால் விருப்பப் பட்டியல் ஒன்றை எழுதிப் பார்க்கட்டும். அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பித்தாலும் கலந்தாய்வுக்கு அந்தக் கல்லூரிக்கே நேரில் போக வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். ஓடிபி வரும் கைபேசி எண் யாருடையது, அது ஜூலை வரை ரீசார்ஜில் இருக்குமா என்று கேட்பதும் ஆசிரியரின் வேலையே. அப்பா வேலைத்தளத்தில் இருக்கும்போது அவர் கைபேசிக்கு வந்து போன ஓர் எண்ணால் கலந்தாய்வைத் தவறவிட்ட வீடுகள் உண்டு.

ஏற்கெனவே பதிவேடுகளும் இணையப் பதிவுகளும் ஆசிரியரின் நேரத்தைத் தின்கின்றன. இதுவுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இதை நல்லெண்ணத்தின் தலையில் கட்டாமல் கால அட்டவணையில் ஏற்ற வேண்டும் என்கிறேன். பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு வேறு பணிகளைக் குறைத்துத்தான் தர வேண்டும். நான் முதல்வன் திட்டத்தின் வழிகாட்டிப் பொருள்கள் கையில் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க ஒரு மனிதர் வேண்டும்.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வந்ததும் பள்ளி வாசலில் தேர்ச்சி விழுக்காட்டை ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டுகிறோம். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குப் போனார்கள் என்பதைக் கட்டிய பள்ளியை நான் கண்டதில்லை. பள்ளி எதை அளக்கிறதோ அதுவரைதான் அதன் உழைப்பும் நீளும். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டதற்குப் பின்னும் பிள்ளையைப் பின்தொடரும் எளிய முறை ஒன்றை இந்த அமர்வுகள் வகுத்துத் தர வேண்டும்.

தலைமையாசிரியர்களே, ஊர் திரும்பியதும் சென்ற ஆண்டின் பன்னிரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளை இன்று எங்கே இருக்கிறது என்று பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாத பெயர்களுக்கு அன்றைக்கே கைபேசியில் அழையுங்கள். நான் அழைக்கத் தவறியவன். நீங்கள் தவறாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.