நோவில்லாத் தடிப்பு

(பனியன் தொழிலாளர் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கம்)



திருப்பூரில் தோலில் எது தோன்றினாலும் சாயத்தின் மேலும் பஞ்சுத் தூசியின் மேலும் பழி போடுவது வழக்கம். அதில் ஓரளவு நியாயமுண்டு. சாயப்பட்டறையில் உழைப்போர்க்குக் கைகளில் அரிப்பும் கொப்புளமும் காண்பது சகஜமே. ஆனால் அவை அரிக்கும், எரியும். சில நாள் விலகியிருந்தால் தணிவதுமுண்டு. மாதக்கணக்காய் அரிப்புமின்றி வலியுமின்றி நிற்கும் தடிப்பு வேறு வகை. நோவில்லாமையால் அதை எவரும் வைத்தியரிடம் காட்டுவதில்லை. காட்ட வேண்டியது அதைத்தான்.

பெரும்பாலும் அது கொழுப்புக் கட்டியாகவோ பாலுண்ணியாகவோ இருக்கும், பயமில்லை. வளர்ந்தாலும், நிறம் மாறினாலும், இரத்தம் கசிந்தாலும் புற்றுநோயோ என்று பார்த்தறிவது அவசியம். குஷ்டரோகம் எனப்பட்ட தொழுநோயும் இவ்விதம் வெளிப்படக்கூடும். உணர்ச்சியற்ற தேமலையே ஜனங்கள் அதன் குறியாக அறிவர். காது மடலிலும் முகத்திலும் பளபளப்பான முடிச்சுகள் எழுவதும் அதன் ஒரு வகையே. அவற்றில் தொடக்கத்தில் உணர்ச்சி மங்காமலும் இருக்கலாம். கிருமி புகுந்து குறி தோன்றச் சராசரி 5 வருஷம், சிலருக்கு 20 வருஷமும் செல்லும். ஆகையால் நேற்றுத் தின்ற கருவாட்டைக் காரணம் சொல்வது வீண்.

தாமதத்தால் பெருநஷ்டம் நரம்புக்கே. இஸ்திரி மேஜையில் நிற்பவர் விரல் வெந்தும் அறியார். கட்டிங் மாஸ்டருக்கு விரல் மடங்கிவிட்டால் ஜீவனமே போயிற்று. அரைநாள் பீஸ் ரேட் கூலி போகுமென்று ஒத்திப்போடுபவர் இக்கணக்கையும் போட்டுப் பார்ப்பாராக.

குதிரைமயிர் கட்டுவதும் சுண்ணாம்பு வைப்பதும் புண்ணையே உண்டாக்கும். வைத்தியர் காது மடலில் சிறு கீறலிட்டோ, முடிச்சில் துணுக்கெடுத்தோ பரீட்சிப்பார். 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்தை 6 அல்லது 12 மாதம் உட்கொண்டால் தொழுநோய் குணமாகும். சிகிச்சை தொடங்கியபின் பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவில் நீங்கும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம்.

நோயைவிட ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மறைப்போரே அதிகம். நோயாளரை அடைத்துவைக்க இடந்தந்த 1898-ம் வருஷத்துச் சட்டம் 2016-ல் ரத்தாயிற்று. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கோரும் வழி 2019-ல் அடைபட்டது. தெருவின் வாய்தான் இன்னும் அடைபடவில்லை.

2022-ல் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்லலாம். தடிப்பு என்று தோன்றிற்று, வளர்கிறதா, கைகால் மரக்கிறதா என்பவற்றைச் சொல்லி, சட்டையைக் கழற்றி முதுகையும் காட்ட வேண்டும். நோய் உறுதியானால் வீட்டாரையும் அழைத்துச் செல்க; அவர்கள் தோலையும் வைத்தியர் பார்ப்பார்.